ஹீலியம் சந்து

எடை ஒன்றாக இருக்கிறவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேருவதில்லை என்கிற சங்கதி தூத்துக்குடி பாய்மரச் சந்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெரிய வந்தது. உலகத்துக்கு இன்னும் தெரியாது. உலகம் அந்தச் சந்து வழியாக வருவதில்லை, பைபாஸ் வழியாகப் போய்விடுகிறது. பொய் சொல்லுகிறவனுக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். எனக்கு நேற்றுச் சாப்பிட்ட குழம்பே மறந்துபோகும், ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

சந்து இருநூறு அடி நீளம். ஒரு பக்கம் முழுக்க உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் சுவர், மறுபக்கம் முழுக்க எங்கள் பலபடி ஆய்வுக்கூடத்தின் பின்சுவர். பலபடி என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒரே மாதிரிக் கண்ணிகளை நூற்றுக்கணக்கில் கோத்த சங்கிலி மூலக்கூறு, அவ்வளவுதான். பிளாஸ்டிக் வாளியும் அதுதான், முகத்துக்குப் பூசுகிற களிம்பில் வழுவழுவென்று இருப்பதும் அதன் பங்காளிதான். சந்தின் கீழ்முனையில் மீன் மார்க்கெட் ரோடு, மேல்முனையில் முத்துமாலை டீக்கடை. ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கேஸ் சிலிண்டர் உருட்டியவன் நான். அந்தச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் எனக்குத் தெரியாத செங்கல் கிடையாது.

அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு கருவி வந்தது. ஏழு பெட்டியில் வந்ததைப் பூட்டி முடித்தபோது அதன் நீளக் குழாய் அறையைவிட நாலு விரற்கடை கூடுதலாக நின்றது. வேறு ஊராக இருந்தால் அறையை மாற்றியிருப்பார்கள், அல்லது கருவியைக் குறுக்காகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் எது அறைக்குள் அடங்காவிட்டாலும் சுவரில் ஓட்டை போட்டுவிடுவது வழக்கம். கட்டிலுக்குப் போட்டிருக்கிறோம், பீரோவுக்குப் போட்டிருக்கிறோம், ஒரு தடவை கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கே போட்டிருக்கிறோம். கொத்தனார் அரை நாளில் ஓட்டை போட்டு, குழாயின் வாலைச் சந்துக்குள் நீட்டி, மழைத்தண்ணீர் படாமல் ஒரு பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்துச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். தான் எங்கே முடிகிறோம் என்று குழாய்க்கு யார் சொல்லுவது? அது சந்தையும் சேர்த்துத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. காரணம் இவ்வளவுதான். இதற்குமேல் விளக்கம் வேண்டுகிறவர்கள் கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும், அவர் இப்போது துபாயில் இருக்கிறார்.

கருவியில் வேலை செய்தவள் ஜெனிட்டா, திரேஸ்புரத்துப் பிள்ளை, ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆறாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஹீலியம் சிலிண்டரை மாற்றும்போதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது இது. பலபடிக் கரைசலை ஊசி முனைக்குக் கொண்டுவந்து மூவாயிரம் வோல்ட் கொடுத்தால் பன்னீர் தெளித்த மாதிரி துளித்துளியாகப் பறக்கும். துளி காயும். காயக்காய உள்ளே இருந்த சங்கிலி, தன்மேல் ஒட்டிக்கொண்ட சோடியம் அயனிகளோடு தன்னந்தனியாக நிற்கும். மற்ற ஊர்களில் அந்தச் சோடியத்துக்காக உப்பைக் கரைத்துச் சேர்ப்பார்களாம்; எங்கள் ஊரில் ஜன்னலைத் திறந்தால் போதும். ஒவ்வொரு சோடியமும் ஒரு மின்னேற்றம். ஒன்றே ஒன்று ஒட்டினால் சங்கிலி அதைச் சுற்றிப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஐந்தாறு ஒட்டினால் அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று ஆகாது, பொதுச்சுவருக்கு வழக்காடுகிற பக்கத்து வீட்டார் மாதிரி தள்ளித் தள்ளிப் போகும், சங்கிலி நீண்டுவிடும். அதை ஹீலியம் நிரம்பிய குழாய்க்குள் மின்சாரம் இழுத்துக்கொண்டு போகும்போது, சந்தைக் கூட்டத்தில் குடையை மடக்கிப் பிடித்து வருகிறவன் சீக்கிரம் வந்துவிடுவதும் விரித்துப் பிடித்து வருகிறவன் எல்லோர்மேலும் இடித்துப் பிந்துவதும் போல, சுருண்டது முந்தும், நீண்டது பிந்தும். குடையின் எடை என்னவோ ஒன்றுதான். வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு வடிவத்தைச் சொல்லுவார்கள், கடைசியில் எடையும் போட்டுக்கொள்ளுவார்கள்.

இந்த வேலையைத்தான் சந்தும் செய்ய ஆரம்பித்தது. கண்டுபிடித்தவர் டீக்கடை முத்துமாலை. கீழ்முனையில் ஆள் தலை தெரிந்ததும் அவர் பாலை ஏற்றுவார், ஆள் நடந்து வந்து சேருகிற இரண்டாவது நிமிஷம் டீ நுரையோடு பெஞ்சில் இருக்கும்; பதினெட்டு வருஷமாக ஒரு நாளும் தப்பியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, குடிதண்ணீர் வால்வு திறக்கிற ஆள் முத்துமாலை பால் பாத்திரத்தைத் தொடுமுன்பே உருண்டை பிடித்த மாதிரி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் புகுந்த வக்கீல் குமாஸ்தா இருபது நிமிஷம் கழித்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக, ஏடு படிந்த டீக்கு வந்தார்.

"என்னவே, வழியில படுத்துத் தூங்கினீரா?" என்று முத்துமாலை கேட்டார்.

"எப்பவும் போலத்தான் நடந்தேன் அண்ணாச்சி. சந்துதான் மெதுவாப் போச்சு."

கிட்டங்கியில் உப்பு மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் இரண்டு பேரையும் ஏற்றிப் பார்த்தார்கள். இருவரும் அறுபத்தெட்டு கிலோ. ஜெனிட்டா கொஞ்சம் விசாரித்துப் பார்த்துக் காரணத்தைச் சொன்னாள்: குழாயில் சோடியம் செய்கிற வேலையைச் சந்தில் மனத்தாங்கல் செய்கிறது. வால்வுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனத்தாங்கல், பதினொரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குக் கூப்பிடவில்லை. ஆள் முழுக்க அதைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறார். குமாஸ்தாவுக்கு ஏழு மனத்தாங்கல்கள், ஏழுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. கீழிருந்து மேலே வந்தால்தான் இந்தக் கணக்கு. மேலிருந்து கீழே போனால் அது வெறும் சந்து.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதைத் தன் வழக்கங்களில் எங்கே செருகுவது என்று கண்டுகொண்டது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகத்தோடு சந்து நேரமும் கேட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் போகிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள், அரை நிமிஷத்தில் வந்து விழுகிற மாப்பிள்ளைக்கு அதைவிடத் தயங்கினார்கள். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஒரு தடவையும் போய்வந்த பின் ஒரு தடவையும் நடந்து பார்த்து, வித்தியாசம் போதாது என்று சாமியாரிடம் திரும்பிப் போய் நின்றவர்கள் உண்டு. கோயில் குருக்களும் அந்தச் சாமியாரும் பள்ளிவாசல் மோதினாரும் ஒரே காலையில் ஒருவர் பின் ஒருவராக நடந்து, மூவரும் சொல்லிவைத்த மாதிரி நான்கரை நிமிஷத்தில் வந்து சேர்ந்து ஊருக்குப் பெரிய நிம்மதியைக் கொடுத்தார்கள். வார்டு கவுன்சிலர் திங்கட்கிழமை காலை புகுந்து புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார்; மேல்முனையில் நின்ற தொண்டர்கள் இரண்டு தடவை மாலையை மாற்ற வேண்டியதாயிற்று, ஆனாலும் அவருடைய வலது கை மட்டும் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வெளியே வந்து எல்லோருக்கும் ஆசி காட்டியது. மாநகராட்சி ஒரு பலகை வைத்தது: 'இச்சந்தில் செலவாகும் நேரத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' அதோடு ஆச்சரியம் தீர்ந்தது.

ஊரில் அந்தச் சந்தில் நடக்காத ஆள் ஒருவர்தான் இருந்தார், ஜெனிட்டாவின் வழிகாட்டிப் பேராசிரியர் ஆவுடையப்பன். முன்வாசலில் காரில் வந்து முன்வாசலில் காரில் போகிறவர். நெஞ்சை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வருவார். அவர் தும்மினால் இரண்டு அறை தள்ளி என் சிலிண்டர் மீட்டரில் முள் ஆடும். அவர் கையெழுத்துக்காகத்தான் ஜெனிட்டாவின் ஆறு வருஷமும் காத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கையெழுத்தோடு ஆய்வேடு பதிவுப் பிரிவில் சேராவிட்டால் அவளுடைய பதிவு காலாவதி. பட்டம் கிடையாது, சித்தப்பாவின் ஐஸ் பாக்டரியில் உட்கார்ந்து டோக்கன் கிழிக்க வேண்டியதுதான்.

அவர் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் ஒரு மேடு. ஜெனிட்டாவின் பலபடி, ஒரே எடை, ஒரே அளவு மின்னேற்றம், குழாயிலிருந்து இரண்டு தடவை வந்து சேர்ந்தது. கொஞ்சம் சுருண்டு முன்னாலும், கொஞ்சம் நீண்டு பின்னாலும். திரையில் விழுகிற கோட்டில் ஒட்டகம் மாதிரி இரண்டு மேடு. அதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. அதை எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் மிச்சம் இருப்பது நன்றியுரை. ஆவுடையப்பனோ இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பலபடிக்கு ஒரே வடிவம்தான் என்று கட்டுரை எழுதி, அதற்கு ஒரு கேடயம் வாங்கி, கேடயத்தை மேசைமேல் வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு நானும் அந்த அறையில் இருந்தேன், முத்துமாலையும் டீ கொண்டுவந்திருந்தார்.

"எம்மா, எடை ஒண்ணு, மின்னேற்றம் ஒண்ணு, அப்போ வடிவமும் ஒண்ணுதான். இந்த ரெண்டாவது மேடு உன் ஊசியில இருந்த அழுக்கு. அத அழிச்சிட்டு வா, ஒரு நிமிஷத்துல கையெழுத்துப் போடுதேன்."

"நாப்பது தடவ ஓட்டிட்டேன் சார். புது ஊசி, புதுக் கரைசல். நாப்பது தடவையும் ரெண்டு மேடு."

"நாப்பது தடவையும் அழுக்கு."

"ஏன் சார்," என்று முத்துமாலை தம்ளரை வைத்துக்கொண்டே மெதுவாகத் தூண்டில் போட்டார், "ஊரே நடந்தாச்சு. சார் மட்டும் நம்ம சந்துப் பக்கமே வரலியே. சாருக்கு எத்தன நிமிஷம் ஆவும்னு கடையில ஒரே பேச்சாக் கெடக்கு."

"அந்தக் கோட்டித்தனத்துக்கெல்லாம் நான் வர முடியாது வே."

ஜெனிட்டா தன் ஆய்வேட்டின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரத்தில் சிவப்பு மையில், பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, 'அழுக்கு!' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பென்சிலில், எறும்பு நடந்த மாதிரி, 'ஆனாலும் அழகாக இருக்கிறது' என்று எழுதியிருந்தது. அந்த அறையில் உட்கார்ந்து ஆய்வேடு திருத்துகிறவர் அவர் ஒருவர்தான்.

"சார், ஒரே ஒரு தடவ கீழேருந்து மேல நடந்து வாங்க," என்றாள். "கருவியில ஓட்டுத மாதிரி இருபது நிமிஷம் முழு ஓட்டம். அதுக்குள்ள நீங்க ஒரே ஆளா வந்து சேர்ந்தீங்கன்னா, அந்த மேட்ட என் கையாலயே அழிச்சிடுதேன்."

"ஒரே ஆளா வராம, பின்ன பேண்டு வாத்தியத்தோடயா வருவேன்?"

"இல்லன்னா கையெழுத்துப் போடணும் சார்."

ஆவுடையப்பன் சிரித்தார். என் மீட்டரில் முள் ஆடியிருக்கும். கேடயத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்தார்.

மணி நாலு அடித்து ஐந்தாவது நிமிஷம் அவர் கீழ்முனையில் புகுந்தார். மேல்முனையில் அதற்குள் மீன் மார்க்கெட், கிட்டங்கி, ஆய்வுக்கூடம் எல்லாம் கூடியாயிற்று. பதிவுப் பிரிவு குமாஸ்தாகூட ஆபீஸில் ஆளே இல்லாததால் வருகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று பதிவேட்டையும் ரப்பர் ஸ்டாம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் இடம் பிடித்திருந்தார். முத்துமாலை கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றரை நிமிஷத்தில் அவர் வந்துவிட்டார்.

வந்தவர் ஆவுடையப்பன்தான், சந்தேகம் இல்லை, அதே கட்டம் போட்ட சட்டை, அதே கண்ணாடி. ஆனால் தோளை உள்ளே இழுத்து, தலையைக் குனிந்து, அதிகப் பணிவில் பாதி ஆளாக இருந்தார். பெஞ்சில் ஓரமாக, குமாஸ்தாவுக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்து, "எம்மா ஜெனிட்டா, மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. தராசில் ஏற்றினார்கள். எழுபத்துநாலு கிலோ, முழு ஆள்.

கூட்டம் ஓய்ந்துபோனது. "ஒத்த ஆளாத்தானே வந்திருக்காவ. பாவம் புள்ள, தோத்துட்டு," என்றது மீன்காரி ஒருத்தி.

"ஓட்டம் முடியல யக்கா," என்றாள் ஜெனிட்டா. "மொத மேடு வந்ததும் கருவிய மூடக் கூடாது." பிறகு அவர் பக்கத்தில் குனிந்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "சார், உங்க மனத்தாங்கல் எத்தன?"

"மூணும்மா," என்று அவர் ரகசியமாகச் சொன்னார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "எனக்கு டைரக்டர் பதவி தரல. கேடயத்துல என் பேர ஆவுடையம்மாள்னு அடிச்சிட்டாவ. மூணாவது..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கட்டுரைக்கு ஓட்டினப்போ எனக்கும் ரெண்டு மேடு வந்துது. ஒண்ண நான் அழிச்சிட்டேன்."

"அப்போ கையெழுத்துப் போடுங்க சார்!"

"தனியாப் போட எனக்குப் பயமா இருக்கும்மா. அவரு வந்தா ஏசுவாரு."

"எவரு சார்?"

அவர் சந்துப் பக்கம் பார்த்தார்.

பத்து நிமிஷம் போயிற்று. பதினைந்து போயிற்று. முத்துமாலை கொடுத்த தண்ணீரை ஜெனிட்டா குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். பதினேழாவது நிமிஷம் முடிந்து நாற்பது நொடியில், சந்துக்குள்ளிருந்து முதலில் ஒரு நெஞ்சு வந்தது, அப்புறம் இரண்டு கைகள் ஆளுக்கொரு சுவரை உரசிக்கொண்டு வந்தன, அப்புறம் ஒரு தும்மல் வந்து டீக்கடையில் ஏழு தம்ளர்கள் உருண்டன, அதற்கெல்லாம் பின்னால் பேராசிரியர் ஆவுடையப்பன், நாங்கள் தினமும் பார்க்கிற ஆவுடையப்பன், நீள அகலத்தோடு வந்து சேர்ந்தார்.

"பாத்தியா? ஒரே ஆளா..." என்று ஆரம்பித்தவர் பெஞ்சைப் பார்த்தார். "யாருவே அது, என் சட்டையப் போட்டுக்கிட்டு?"

"உக்காருங்க சார், டீ சூடா இருக்கு," என்றார் பெஞ்சில் இருந்த ஆவுடையப்பன், எழுந்து இடம் விட்டு.

எடை பாதியாகக் காட்டும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். இவரும் எழுபத்துநாலு கிலோ. மனத்தாங்கல் எத்தனை என்று ஜெனிட்டா கேட்டதும் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "மூணு! ஒண்ணு, டைரக்டர் பதவி! ரெண்டு, கேடயத்துல பேரு! மூணு..." என்று முழங்கி, அங்கேயே நின்றுவிட்டார். கூட்டம் அவர் வாயைப் பார்த்தது.

"மூணாவத நான் சொல்லட்டுமா சார்?" என்றார் சின்ன ஆவுடையப்பன், உதவி செய்கிற தொனியில்.

"வாய மூடும்வே! எம்மா, இந்த ஆளு நான் இல்ல. இது அழுக்கு. சந்துல இருந்த ஏதோ அழுக்கு!"

ஜெனிட்டா தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தாள். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் பணிவாக நீட்டி, ஒரு நல்ல மாணவி பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எடை ஒண்ணு சார். மின்னேற்றம் மூணும் ஒண்ணு. அப்போ வடிவமும் ஒண்ணுதான், ரெண்டாவதா வாரது அழுக்குன்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. இவரு ஒன்றரை நிமிஷத்துலயே வந்துட்டாரு." கையில் இருந்த அழிரப்பரை உயர்த்திக் காட்டினாள். "ரெண்டாவதா வந்தது யாரு சார்?"

மீன்காரிகள் கூடைகளை இறக்கிவைத்தார்கள். பேராசிரியர் அந்த ரப்பரைப் பார்த்தார். அது பழைய ரப்பர், ஓரம் தேய்ந்தது, நாலு பக்கமும் பென்சில் கரி. ரப்பரால் ஆளை அழிக்க முடியுமா என்று கேட்பீர்கள். கவுன்சிலரின் கை மட்டும் தனியாக வந்து ஆசி காட்டிய சந்தின் வாசலில் நின்றுகொண்டு எதை முடியாது என்று சொல்லுவது? அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார், நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இவ்வளவும் இரண்டாவது மேடுதான் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டும் உண்மைன்னே வச்சுக்கிடலாம்," என்றார், தும்மலுக்கு முன்னால் வருகிற குரலில்.

"வச்சுக்கிட வேண்டாம் சார். எழுதித் தாங்க."

எழுதினார். பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பேனாவை அவர் மூடுமுன் சின்னவர் வாங்கி, "இப்பப் பயமில்ல," என்று, அதற்குக் கீழே எறும்பு நடந்த மாதிரி இன்னொன்று போட்டார். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, மூக்கைச் சொறிந்தார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு கையெழுத்தா? இதுக்குக் கட்டம் இல்லியே." கொஞ்ச நேரம் தேடினார். "இணை வழிகாட்டின்னு ஒரு கட்டம் கெடக்கு. சர்வீஸ்ல சேந்ததுலேருந்து நான் நிரப்பினதே இல்ல." சந்தோஷமாக நிரப்பி, மணி நாலு ஐம்பத்துமூன்றுக்கு ஸ்டாம்பைக் குத்தினார். ஜெனிட்டா அந்த ஸ்டாம்பு மை காய்கிறவரை ஊதிக்கொண்டே இருந்தாள். ஊதி முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு டீயை முழுதாகக் குடித்தாள்.

சரியாக ஐந்து மணிக்கு, புருஷனைக் கூட்டிப் போகக் காரை ஓட்டிக்கொண்டு உலகம்மை வந்தாள், பேராசிரியரின் மனைவி. முன்வாசலில் ஆள் இல்லாமல் விசாரித்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தாள். ஒரு பெண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்லுவது என்று முத்துமாலை துண்டைத் தோளிலிருந்து எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார். அவள் பெரியவரைப் பார்த்தாள். சின்னவரைப் பார்த்தாள். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து அவளுக்கு இடம் விட்டார்.

"இருபத்தாறு வருஷமா காலையில ஒருத்தர், ராத்திரி ஒருத்தர்னு மாத்தி மாத்தித்தான் வந்துக்கிட்டிருந்தாவ," என்றாள் உலகம்மை, கார் கதவைத் திறந்துகொண்டே. "சேந்து வாரது இன்னைக்குத்தான். ஏறுங்க, ரெண்டு பேரும் பின்னால. சின்னவரு ஜன்னல் பக்கம் உக்காரட்டும், அவருக்குத்தான் வாந்தி வரும்."